மறு அறிவிப்பு வரும் வரை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மாமாவும் பாப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போன கடிதத்தில் சளி என்று எழுதினாய், அது விட்டதா இல்லையா என்று எழுத உனக்குக் கை வரவில்லை. ஒல்லிப்பிச்சானுக்குக் குளிர் நாட்டு உத்தியோகம் கிடைத்தால் இப்படித்தான். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. உங்கள் கம்பெனி ஆர்டர் பேக்கிங் அறையில் கூரையைத் தொடுகிறது. பெட்டிக்கு இரண்டு கதவுக் கீல், பன்னிரண்டு ஸ்க்ரூ. இப்போதெல்லாம் நான் எண்ணுவதே இல்லை. கையை விட்டு அள்ளினால் பன்னிரண்டுதான் வரும். பக்கத்து மேஜை வாயாடி நம்பாமல் பந்தயம் கட்டினாள். பத்துத் தடவை அள்ளினேன், பத்துத் தடவையும் பன்னிரண்டு. பதினோராவது தடவை பதின்மூன்று வந்துவிட்டது. அதை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். அரசு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள். அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மா எனக்குத் தெரிந்தவர். மார்ச் கடைசி வரைக்கும் எனக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நிரந்தர வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் யாரும் திடீரென்று வீட்டுக்குப் போ என்று சொல்ல முடியாது. மாமாவிடம் சொன்னேன். மனிதர் குதித்துவிட்டார். "நான் முலாம் பூசி, நீ பெட்டியில போட்டு, கப்பல் ஏறிப் போற சரக்கு. அதை விட்டுட்டு அழுக்குத் துணி துவைக்கப் போறியா?" என்கிறார்.

என் பயம் வேறு. வீட்டில் இரண்டு சம்பளமும் ஒரே வாசல் வழியாக வருகிறது. அந்த வாசல் மூடினால் பாப்பாவின் நர்ஸ் படிப்பு போச்சு. நீ எங்கள் கீலை வாங்குகிற அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கிறாய். ஆர்டர் தொடர்ந்து ஓடுமா, நிற்குமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். மாமாவும் நீ சொன்னால் கேட்பார். உன் கடிதம் வந்தால் அவர்தான் எல்லோரையும் உட்கார வைத்து உரக்கப் படிக்கிறார், நடுவில் ராகம் வேறு.

சளியைப் பற்றி மறக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டது. இருமல் மட்டும் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. மாமாவின் கையில் முலாம் தொட்டி அமிலம் தெறித்த புண் ஆறிவிட்டதா? பாப்பா நன்றாகப் படிக்கிறாளா?

நீ கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தினமும் பஸ்ஸில் வரும்போது ஒரு புதுக் குடியிருப்பைக் கடந்துதான் வருவேன். வருஷம் பூராவும் அங்கே சத்தமும் தூசியுமாக இருக்கும். இப்போது சுவர் எழும்பி, கூரை போட்டு, கதவு மட்டும் வைக்காமல் வீடுகள் வரிசையாக அப்படியே நிற்கின்றன. கதவு இருக்க வேண்டிய இடத்தில் பலகை அடித்திருக்கிறார்கள். வங்கிகள் கடன் கொடுப்பதைக் குறைத்துவிட்டனவாம். ஏற்கெனவே வாங்கியவர்களால் கட்ட முடியவில்லையாம். புதிதாக வீடு வாங்க ஆள் இல்லை.

எங்கள் மேனேஜரைக் கேட்டேன். "கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு எல்லாம் சரியாகிவிடும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரே அதை நம்புகிற மாதிரிதான் இருந்தது. அதனால் அவசரப்பட வேண்டாம். நன்றாக விசாரித்து எழுதுகிறேன்.

நீ பதின்மூன்று ஸ்க்ரூ போட்ட பெட்டி எங்கள் கிடங்குக்குத்தான் வரும். வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், ஜாக்கிரதை.

உன் தம்பி

*

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். மாமாவின் புண் ஆறிவிட்டது, வடு இருக்கிறது. அதை விருது வாங்கியவர் மாதிரி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

விசாரித்து எழுதுகிறேன் என்றாய். விசாரித்தாயா, இல்லை இருமிக்கொண்டே தூங்கிவிட்டாயா? இங்கே நாள் ஓடுகிறது. சலவைக்கூடத்து அம்மா நேற்றும் சொல்லியனுப்பினார். நான் இழுத்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலாளி புதிதாக ஒரு பிரஸ் மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார். கடன்தான். பேக்கிங் அறைக்கு வந்து என்னிடம், "உன் தம்பி எப்படி இருக்கான்? அவன் அங்கே இருக்கறது நமக்கு ஒரு தெம்பும்மா" என்றார். நாற்பது பெண்களுக்கு நடுவில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. உனக்கு அங்கே பைல் தூக்குகிற வேலை என்பது இங்கே யாருக்கும் தெரியாது, நானும் சொல்வதாக இல்லை.

ஆர்டர் நிறைய இருக்கிறது என்ற நம்பிக்கையில் எல்லோரும் துணிந்துவிட்டார்கள். கடைசி மேஜைப் பெண் தவணையில் தையல் மெஷின் எடுத்திருக்கிறாள். வாயாடி மட்டும் எதுவும் எடுக்கவில்லை. புருஷன் விட்டுப்போனதிலிருந்து அவளுக்கு எவனும் தவணை கொடுப்பதில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படித்தான் இப்படிச் சிரிக்கிறாளோ.

இரண்டில் ஒன்று எழுது. போவதா, இருப்பதா?

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் கேட்டு எழுதுகிறேன். வேலை அதிகமாக இருப்பதால் இந்தக் கடிதம் சின்னது.

நீ கேட்ட விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சாதாரண குமாஸ்தா. ஆர்டர் பற்றியெல்லாம் மேலே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அங்கே மழைக்காலம் வரப்போகிறதே, நனையாமல் போய்வா. சின்ன வயதில் வாசலில் நின்று நான் சொல்வேனே, அதையே இப்போதும் சொல்கிறேன். குடை எடுத்துக்கொண்டு போ, அக்கா.

மாமாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு அன்பு.

உன் தம்பி

*

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. மாமா வழக்கம்போலப் படித்தார். குடை வரி வந்ததும் ஒரே சிரிப்பு. "வெயில் மண்டையப் பொளக்குது, மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. இவன் இப்பவே குடை பிடிக்கச் சொல்றானே, குளிர்ல மூளை உறைஞ்சு போச்சா?" என்றார். பாப்பாவும் சேர்ந்துகொண்டாள்.

சிரிக்கட்டும். நீ சொன்னாய், நான் குடை வாங்கிவிட்டேன். நல்ல கறுப்புக் குடை. என்னைப் பற்றிக் கவலையை விடு. நீ உன் வேலையைப் பார், வாயைக் கட்டு, மேனேஜர் சொல்வதைச் செய்.

இருமல் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 6

என் அருமை அக்காவுக்கு,

நலமோ நலம். உன் கடிதத்தைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இருமல்கூட நின்றுவிட்டது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

குடை வாங்கியது ரொம்ப நல்லது. மாமா சிரித்தால் சிரிக்கட்டும், அவருக்கும் ஒருநாள் புரியும். புதுக் குடை கைக்குப் பழகிவிட்டதா? முதலில் கனமாகத்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும். அங்கே என்ன நடந்தாலும் எனக்கு வரிவரியாக எழுது.

நேற்று ஞாயிறு. ரொம்ப நாளுக்குப் பிறகு சட்டைகளைத் துவைத்து, அறையைப் பெருக்கி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். பாப்பாவின் நர்ஸ் படிப்புக்கு மாதாமாதம் என்னால் முடிந்ததை அனுப்புவேன் என்று மாமாவிடம் சொல்.

உன் தம்பி

*

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீ மத்தியானம் தூங்கியதைப் படித்துப் பாப்பா உன்னைப் பற்றி, "மாமாவுக்கு நல்ல வேலைதாம்மா" என்றாள்.

சலவைக்கூடத்து விஷயம் முடிந்துவிட்டது. வாயாடியை அனுப்பிவிட்டேன். ஒன்றாம் தேதி சேர்ந்தாள். முதலில் வர மாட்டேன் என்று ஒரே ஆர்ப்பாட்டம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மேற்பார்வை அம்மாவின் முன்னால் நிறுத்திவிட்டு வந்தேன். அவளுக்கு யார் இருக்கிறார்கள்? எனக்கு மாமா இருக்கிறார், நீ இருக்கிறாய்.

நான் இங்கேயே இருந்துவிட்டேன். எனக்கு அந்த ஆவியும் ஈரமும் ஒத்துக்கொள்ளாது, முழங்கால் வேறு பிடித்துக்கொள்கிறது. பக்கத்து மேஜை காலியாகக் கிடப்பதுதான் ஒரு மாதிரி இருக்கிறது. சத்தம் தாங்க முடியவில்லை என்று அவளைத் திட்டிக்கொண்டே இருப்பேன். இப்போது அமைதி தாங்க முடியவில்லை.

கப்பலுக்கு வழக்கத்தைவிடப் பெரிய சரக்காகப் போயிருக்கிறது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவில் நான் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை.

இங்கே தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு தாள் வந்தது. ஆர்டர்கள் அனைத்தையும் மறு அறிவிப்பு வரும் வரை நிறுத்தி வைக்கவும் என்று இரண்டு வரி. முதலாளி அதை எங்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். 'மறு அறிவிப்பு' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். ஒருத்தி, "அப்ப திரும்பக் கூப்பிடுவாங்கதானே ஐயா?" என்று கேட்டாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செய்து முடித்த சரக்கு மலைமாதிரிக் கிடக்கிறது. இங்கேயே விற்றுப் பார்க்கலாம் என்று நாலைந்து கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒருவரும் வாங்கவில்லை. உங்கள் ஊர்க் கதவு கனம், அதற்குத் தகுந்த கனத்தில் கீல். நம்மூர்க் கதவில் அடித்தால் சட்டம் பிளந்துவிடும். எங்கோ இருக்கிற ஆட்கள் வீடு கட்டினால்தான் உதவும் பொருளை இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறோம். அன்றைக்குத்தான் எங்களுக்கு அது உறைத்தது.

மாமா நாலு நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் எழுந்து குளித்து, வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து நிற்பார், பிறகு உட்காருவார். நான் பார்க்காத மாதிரி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பேன். நேற்று வெளியூர் கிடங்கு ஒன்றுக்கு மூட்டை தூக்குகிற வேலைக்குப் போய்விட்டார். முப்பது வருஷ முலாம் மேஸ்திரி. மாதத்துக்கு ஒருமுறை வருவாராம். வீட்டில் கடிதத்தை உரக்கப் படிக்க ஆள் இல்லை. நீ எழுதினால் நானேதான் படித்துக்கொள்ள வேண்டும்.

எழுது.

அக்கா

*

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

மாமா இதைப் படிக்க மாட்டார் என்பதால் இன்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். அந்தத் தாளை டைப் அடித்தது நான்தான்.

பிப்ரவரி கடைசியில் மேனேஜர் என்னையும் கண்ணாடிக்காரர் என்று நாங்கள் கூப்பிடும் மூத்த குமாஸ்தாவையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நாலு நாட்டிலிருந்து கீல் வாங்குகிறோம், ஒன்றைத் தவிர மற்ற மூன்றையும் நிறுத்துகிறோம் என்றார். கீல் மட்டுமில்லை. ஒரு நாட்டிலிருந்து வரும் ஜன்னல் கண்ணாடி, இன்னொரு நாட்டிலிருந்து வரும் பெயின்ட் பிரஷ், எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல். இங்கே ஒருவன் வீடு கட்டுவதைத் தள்ளிப்போட்டால் எங்கெங்கோ யார் யாருடைய கையோ நின்றுபோகிறது. அதில் ஒன்று உன் கை. மே மாதம் வரைக்கும் வெளியே விடக்கூடாது என்றார். முன்பே தெரிந்துவிட்டால், கோபத்தில் கடைசிச் சரக்கில் மோசம் செய்துவிடுவார்களாம். விஷயம் கசிந்தால் அன்றே வேலை போகும் என்று எழுதிய காகிதத்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். வேலை போனால் நான் இந்த நாட்டில் அறுபது நாள்தான் இருக்க முடியும்.

உன் கடிதம் அதற்கு ஒரு வாரம் கழித்து வந்தது. போவதா, இருப்பதா என்று கேட்டிருந்தாய். போ என்று எழுதினால் மாமா உரக்கப் படிப்பார். அவர் மனதில் எதுவும் தங்காது, மறுநாளே முதலாளியிடம் ஓடுவார். அதனால்தான் குடை என்று எழுதினேன்.

உனக்கு நினைவில்லையா, அக்கா? அப்பா குடித்துவிட்டு வந்து வீட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போது, நீ பள்ளிவிட்டு வருவாய். நான் வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, குடை எடுத்துக்கிட்டு போ!" என்று கத்துவேன். உள்ளே வராதே, ஆபத்து, ஓடிப்போ என்று அர்த்தம். சுள்ளென்று வெயில் அடிக்கும்போது கத்துவேன். நீ பக்கத்து வீட்டுக்குள் போய்விடுவாய். நம் இருவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத வார்த்தை அது.

குடை வாங்கிவிட்டேன் என்று நீ எழுதியதும் சலவைக்கூடத்தில் சேர்ந்துவிட்டாய் என்று நினைத்தேன். நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு உன் ஏப்ரல் கடிதம் வந்தது. நீ மறந்துவிட்டாய், நிஜமாகவே கடைக்குப் போய்க் குடை வாங்கியிருக்கிறாய். உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து ஏழு தாள் கிழித்தேன்.

நேராக எழுதியிருக்கலாம். மாமாவின் வாயை நீ எப்படியாவது கட்டியிருப்பாய். நான் என் வேலையைத்தான் பெரிதாக நினைத்தேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

*

செப்டம்பர் 11

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். பாப்பா சுகம். மாமாவுக்குத் தோளில் வலி. மாதம் ஒருமுறை வருகிறார், வந்ததும் தூங்குகிறார். போன தடவை, "அந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுக் கதவா பார்க்கறேன், எல்லாம் மட்டமான கீல்" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் மூன்று மாதம் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். நீ அந்தத் தாளை அடித்ததற்கு இல்லை. நீ அடிக்காவிட்டால் கண்ணாடிக்காரர் அடித்திருப்பார். அந்த வார்த்தையை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாய் பார், அதற்குத்தான் கோபம். அந்த வார்த்தையால் எத்தனை நாள் அடியிலிருந்து தப்பித்திருக்கிறேன்! நான் மறப்பேனா?

மாமா படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல, சுட்டுருச்சு" என்றேன். மறுநாளே சலவைக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போனேன். கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டேன். அங்கே நின்றபடி யோசித்தேன். பேக்கிங் அறையில் நாற்பது பேர், அதில் வாங்குகிற கம்பெனியில் தம்பி இருப்பவள் நான் ஒருத்திதான். முதலாளிக்கும் அது தெரியும். மார்ச்சில் நான் மட்டும் வேலையை விட்டு, கொஞ்ச நாளில் ஆர்டர் நின்றால் அவருக்குக் கணக்குப் போடத் தெரியாதா? ஆத்திரத்தில் உங்கள் மேனேஜருக்கு ஒரு கடிதம் போட்டால் போதும், நீ தெருவில் நிற்பாய். உள்ளே போய் வாயாடியின் பெயரைக் கொடுத்தேன். அவள் போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குடை வாங்கிவிட்டேன் என்று எழுதியது, எனக்குப் புரிந்துவிட்டது என்று உனக்குச் சொல்லத்தான். நீ அதைத் தப்பாக எடுத்துக்கொண்டாய்.

ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் தெரிந்துகொண்டே அந்த அறையில் உட்கார்ந்திருந்தேனே, அதை யாரிடம் சொல்ல? ஒருத்தி மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பேசினாள். ஒருத்தி வீட்டுக்கு மேலே அறை கட்டப்போகிறேன் என்றாள். நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். அந்த நாட்களில் கைக்குப் பன்னிரண்டு வரவே இல்லை. ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டேன்.

போன மாதம் தையல் மெஷின்காரி வீட்டுக்கு வந்தாள். தவணை நின்றதால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். "உங்க தம்பி அங்கேதானே இருக்காருக்கா, ஒரு வார்த்தை சொல்லலையா?" என்று கேட்டாள். "அவன் சின்னக் குமாஸ்தா, அவனுக்கு என்ன தெரியும்" என்றேன். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "ஆமாக்கா, அவரு பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நம்பிவிட்டாள் தம்பி. எனக்கு அதுதான் ஜீரணமாகவில்லை.

இனி இதைப் பற்றி எழுதாதே. மாமாவுக்குத் தெரிய வேண்டாம். வாயாடி தயவில் சலவைக்கூடத்தில் யாராவது லீவு போட்டால் எனக்கு இரண்டு நாள், மூன்று நாள் வேலை கிடைக்கிறது. பாப்பாவை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டேன். உன்னை நம்பித்தான் சேர்த்திருக்கிறேன். நாற்பது பேரிடம் வாயைத் திறக்காமல் இருந்து நான் காப்பாற்றியது உன் ஒரு வேலையைத்தான். அது ஒன்றாவது நிலைக்கட்டும். அதை நினைத்துத்தான் என்னால் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடிகிறது. மேனேஜர் திட்டினால் வாங்கிக்கொள். எதிர்த்துப் பேசாதே.

இருமல் இருந்தால் மருந்து சாப்பிடு.

அக்கா

*

செப்டம்பர் 29
(எழுதி, தபாலில் சேர்க்காதது)

அக்கா,

எனக்கு அந்த வேலை இல்லை. போய் ஆறு வாரம் ஆகிறது.

மிச்சம் வைத்திருந்த அந்த ஒரு தொழிற்சாலையையும் ஆகஸ்டில் நிறுத்தச் சொன்னார்கள். நான்தான் டைப் அடித்தேன். அடித்து முடித்து மேஜையில் வைத்தபோது மேனேஜர் இன்னொரு தாளை என் பக்கம் நகர்த்தினார். அது எனக்கு. அதே வாசகம்தான். மறு அறிவிப்பு வரும் வரை வேலைக்கு வர வேண்டியதில்லை. கண்ணாடிக்காரருக்கும் ஒன்று. மேனேஜர் தன்னுடையதைத் தானே அடித்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காய்கறிச் சந்தையில் லாரியிலிருந்து கூடை இறக்குகிறேன். வாரத்தில் மூன்று நாள் கூப்பிடுகிறார்கள். அறுபது நாள் கெடு அடுத்த மாதம் முடிகிறது. அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். எங்கே வந்து, யார் முகத்தில் விழிப்பேன்?

நீ அந்தக் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததும், அத்தனை பேருக்கு நடுவில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் எதற்காக அக்கா? இந்த வேலைக்காகவா? இது மூன்று மாதம்கூட

*

செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ எழுதியபடியே அந்த விஷயத்தை இனி நான் பேசவில்லை.

மாமாவைத் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல். பாப்பா படிப்பில் சேர்ந்தது ரொம்பச் சந்தோஷம். கட்டணத்தைப் பற்றி நீ யோசிக்காதே, வழக்கம்போல அனுப்பிவிடுவேன். புத்தகம் ஏதாவது வேண்டுமென்றால் எழுதச் சொல்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மேனேஜர் திட்டுவதில்லை. என் மேஜை அதே இடத்தில்தான் இருக்கிறது. வேலை முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். நீ தலைநிமிர்ந்து நட.

மணி எட்டாகப் போகிறது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

உன் தம்பி